வலிக்காத கை

காளியப்பன் தொலைக்காட்சியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். உலு திராமின் இந்தத் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் ரூபேந்திரன், கோயில் செயலாளர்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். அறுவை செய்த வலது காலைத் தரையோடு தரையாகப் பின்னுக்கு இழுத்தார். பாதம் கொஞ்ச தூரம்தான் வந்திருக்கும், மூட்டுக்குள் ஏதோ கிழிவதுபோல் இருந்தது. துண்டுக்குள் ஒரு சத்தம் போய் அடங்கியது. காலை நீட்டிவிட்டார்.

"முடிச்சிட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி சந்திரமதி கேட்டாள்.

"ஆச்சு."

ஆகவில்லை. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியில் பாதிகூட ஆகவில்லை. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் முழங்கால் மூட்டை மாற்றிய டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். புது மூட்டில் குறை இல்லை, ஆனால் இப்போது மடக்கிப் பழகாவிட்டால் சுற்றியுள்ள சதை இறுகிவிடும். அடுத்த முறை வரும்போது, நாற்காலியில் உட்காரும் அளவுக்காவது கால் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் மறுபடியும் மயக்கம் கொடுத்து, அவர்களே பிடித்து மடக்குவார்கள்.

மடக்கினால் வலித்தது. வலித்தால் வாயிலிருந்து சத்தம் வந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர் மடக்குவதையே நிறுத்திக்கொண்டிருந்தார்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் தாமானில் யாரும் அவரை அப்படி அறியவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கு அலகு குத்துபவர் அவர்தான். கன்னத்தில் திருநீறு வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, வேல் கம்பியை ஒரே மூச்சில் மறுபக்கம் எடுத்துவிடுவார். ரத்தம் வராது. எவரும் முகம் சுளித்ததில்லை. "வலிக்காத கை" என்பார்கள். பெக்கான் நானாஸிலிருந்தெல்லாம் அந்தக் கையைத் தேடி வந்தார்கள். குத்துமுன் ஒவ்வொருவரிடமும் அவர் ஒன்றையே சொல்வார்: "வலிக்காது. வலிச்சா உன் விரதத்துல எங்கியோ குறைன்னு அர்த்தம்."

அறுவை முடிந்து வீடு வந்தபோது ரூபேந்திரன் பழக்கூடையோடு பார்க்க வந்திருந்தார். "உங்களுக்கு என்னண்ணே வலி! ஊர் கன்னத்துல எல்லாம் வேல் எறக்குன ஆளு. கத்தியோட நின்ன டாக்டருக்குத்தான் கை நடுங்கியிருக்கும்லா!" என்றார். காளியப்பனும் சிரித்தார். சிரித்தபோது போர்வைக்குள் கால் துடித்தது.

தனியாக இருக்கும்போது அவர் தன் குறையைத் தேடினார். அறுவைக்கு முதல் நாள் வார்டில் கொடுத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தார். கட்டிலில் படுத்தபடி குளிக்காமல் சாமி கும்பிட்டதை நினைத்துப் பார்த்தார். எதுவும் போதவில்லை. இவ்வளவு வலிக்கு ஈடான குறை எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதையும் யாரிடமும் சொல்ல முடியாது.

வலி மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீரியமானதைப் போட்டால் வாந்தியும் கிறுகிறுப்பும் வந்தன. இனிப்பு நீர்க்காரர் வேறு, சர்க்கரை வியாதி. அதனால் டாக்டர் அளவைக் குறைத்து, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் அக்குபங்சர் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையோடும் பயிற்சியோடும் சேர்த்து இதையும் செய்து பார்க்கலாம் என்றார். சிலருக்கு வலி மட்டுப்படும், மட்டுப்பட்டால் காலை மடக்க முடியும்.

ஊசி என்றதும் காளியப்பனுக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊசி அவருக்குத் தெரிந்த விசயம். கம்பியை உடம்புக்குள் விடும்போது உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

முதல் நாள் மாலையோடு சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார். காலையில் தலைக்குக் குளித்தார். திருநீறு பூசினார். சந்திரமதி தோசை வார்த்தபோது, ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்றார். வழக்கமான இனிப்பு நீர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மகள் யோகேஸ்வரியின் கணவன் குணாளன் அவரைக் காரில் கூட்டிப் போனான். பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. அந்த வாரம் அவனுக்குக் காலை நேரம் ஓய்வு. பக்கத்துத் தெருவில்தான் வீடு. அதிகம் பேசாதவன். அவன் காவடி எடுக்கத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு அலகு குத்துவது மாமனார்தான்.

அக்குபங்சர் அறையில் இருந்த மிஸ் யாப்புக்கு நாற்பது வயதிருக்கும். திரைச்சீலை போட்ட கட்டிலில் அவரைப் படுக்க வைத்தார். மலாயில் கேட்டார்: "அங்கிள், சுடா மாக்கான்?"

சாப்பிட்டாயிற்றா என்ற கேள்விக்குக் காளியப்பன் தயங்கவே இல்லை. "சுடா," என்றார். ஆயிற்று.

குணாளன் அவரைத் திரும்பிப் பார்த்தான். வெறும் வயிற்றோடு வருகிறார் என்று சந்திரமதி அவனிடம் சொல்லியிருந்தாள்.

ஊசி தலைமுடி மாதிரி இருந்தது. காளியப்பன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுவா?" என்று குணாளனிடம் தமிழில் கேட்டார். "கொசு கடிக்கிற மாதிரி இருக்குமாடா இது?"

தையல் போட்ட இடத்தைத் தொடாமல், முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தைத் துடைத்து, சின்னக் குழாயை வைத்து மிஸ் யாப் ஊசியைத் தட்டினார். உள்ளே போனதே தெரியவில்லை. பிறகு அதை இரண்டு விரலால் மெல்லத் திருகினார். உள்ளே கனமாகவோ, குடைவதுபோலவோ, மரத்ததுபோலவோ ஏதாவது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் ஊசி எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்வேன் என்றார்.

"அடா ரசா?" ஏதாவது தெரிகிறதா?

தெரிந்தது. திருகிய இடத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு குடைச்சல் இறங்கியது.

"பெலும்," என்றார் காளியப்பன். இன்னும் இல்லை.

மிஸ் யாப் இன்னும் கொஞ்சம் செலுத்தித் திருகினார். குடைச்சல் தொடைக்கு ஏறியது. ஊசியைச் சுற்றிலும் சதை இறுக்கிப் பிடித்தது. காளியப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"இப்ப?"

"பெலும்."

மிஸ் யாப்பின் புருவம் சுருங்கியது. ஊசியை விட்டுவிட்டு அடுத்த காலில் ஒன்று, கையில் ஒன்று வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இவர் இல்லை என்றார். கடைசியாக ஒன்றைத் திருகியபோது கூரையிலிருந்த விளக்கு ஓரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. முதுகெல்லாம் வேர்த்தது. யாரோ தூரத்தில் "அம்மா, வலிக்குதே, எடுங்கம்மா" என்று பெரிதாகக் கத்துவது கேட்டது. பக்கத்துக் கட்டில்காரன் என்று நினைத்தார். அந்தக் குரல் தன்னுடையது என்று தெரிந்த நொடியில் நினைவு போனது.

நினைவு திரும்பியபோது ஊசிகள் இல்லை. நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இனிப்பு இறங்கிக் கிடக்கிறது என்று சொல்லிக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். கால்சட்டை நனைந்திருந்தது. குணாளன் தன் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பில் போர்த்திவிட்டு, உள் பனியனோடு நின்றான். காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தால் யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து மற்ற இருவரும் மலாயில் பேசினார்கள்.

"சாப்பிடாமல் வந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று ஏன் சொன்னார்?" மிஸ் யாப் கோபமாகத்தான் கேட்டார். "நன்றாக உணர்ந்திருக்கிறார், இல்லை இல்லை என்கிறார். ஏன்?"

குணாளன் விளக்கினான். எங்கள் கோயிலில் வேல் குத்திக்கொள்வோம், விரதம் இருப்போம், குத்திவிடுகிறவர் இவர்தான், விரதம் சரியாக இருந்தால் வலிக்காது என்பது இவர் நம்பிக்கை. அதேபோல்தான் இங்கேயும் வந்திருக்கிறார்.

"நீங்களும் குத்திக்கொள்வீர்களா?"

"ஆமாம். இவர் கையால்தான்."

"வலிக்காதா?"

திரைக்கு வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் போய் ஓய்ந்தது. மூடிய கண்ணுக்குள் காளியப்பன் காத்திருந்தார்.

"சாக்கிட்," என்றான் குணாளன். வலிக்கும்.

தெப்ராவ் சாலையில் நெரிசல். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த காளியப்பன் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். குணாளன் வானொலியைப் போடவில்லை.

"நான் தூங்கல," என்றார்.

முன் கண்ணாடியில் குணாளனின் கண் ஒரு தரம் வந்து போனது.

"அந்தம்மாகிட்ட நீ சொன்னது கேட்டுச்சு."

"சும்மா சொன்னேன் மாமா."

"சும்மா சொல்லல."

லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்று, நகர்ந்தது.

"எல்லா வருசமுமா?"

"கன்னத்துல கம்பி போனா வலிக்காம என்னா மாமா செய்யும்?" அவன் சிரிக்கப் பார்த்தான்.

"அப்பறம் ஏன் எடுத்த?"

"வேண்டிக்கிட்டேன், எடுத்தேன். வலிக்காதுன்னு முருகன் எங்கிட்டச் சொல்லவே இல்லியே. நீங்கதான் சொன்னீங்க."

காளியப்பனுக்கு அது நினைவுக்கு வந்தது. வரும் என்று பயந்துகொண்டேதான் இருந்தார். ஒரு வருடம் குணாளனின் கன்னத்தில் ரத்தம் வந்தது. தாடை வழியாக நெஞ்சில் இறங்கியது. எல்லோருக்கும் முன்னால் இவர் வேல் கம்பியைப் பிடித்தபடி, "என்னா செஞ்ச, சொல்லு" என்று கேட்டார். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, கம்பெனி விருந்தில் ஒரு டின் பீர் குடித்துவிட்டேன் என்றான். மகளின் கணவன் என்றும் பார்க்காமல், அந்த இடத்திலேயே கூட்டத்தின் முன் அவனை விழுந்து கும்பிட வைத்தார். அடுத்த வருடம் காவடி இல்லை என்றார். யோகேஸ்வரி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்து இருந்தாள். அதற்குப் பிறகு விரதம் தொடங்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், "ரத்தம் பொய் சொல்லாது" என்று இந்தக் கதையைத்தான் காளியப்பன் சொல்லிவந்தார். பெயர் சொல்லமாட்டார். பெயர் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த பீரு…" என்றார்.

குணாளன் கியரை மாற்றினான். "குடிக்கல மாமா."

"பின்ன?"

"வெயிலு. கூட்டம் நிக்குது. ஒண்ணும் செய்யலன்னு சொன்னா நீங்க விட மாட்டீங்க, கேட்டுக்கிட்டே இருப்பீங்க. ஏதாச்சும் ஒண்ணு சொன்னாத்தான் ஊர்வலம் நகரும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நரம்புல பட்டிருக்கும், வேற ஒண்ணுமில்ல. உங்க கை லேசா தவறிடுச்சு."

வீடு வந்தது. இறங்கும்போது குணாளன் அவர் அக்குளில் கை கொடுத்தான். அந்தக் கையில் சாயாமல் நடக்க முடியவில்லை என்பது காளியப்பனுக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கை முன்புபோலவே மென்மையாகப் பிடித்திருந்தது அதைவிட அவமானமாக இருந்தது.

அடுத்த முறை போகும்போது தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார். மிஸ் யாப் அவரை நம்பவில்லை, குணாளனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் ஊசியை எடுத்தார். வெளியே இருக்கட்டுமா என்று குணாளன் கேட்டதற்கு, "இரு" என்றார் காளியப்பன்.

ஊசி திருகியது. குடைச்சல் இறங்கியது. வாய் தானாக "பெலும்" என்று சொல்லப் போனது. அதை அடக்க வேண்டியிருந்தது.

"சாக்கிட்," என்றார்.

மிஸ் யாப் தலையாட்டி, ஊசியைச் சிறிது வெளியே இழுத்தார். "இப்ப?"

"கொஞ்சம்."

"நல்லது. இதுதான் வேணும்," என்றார். அவ்வளவுதான். யாரும் திகைக்கவில்லை. வலிக்கிறது என்று ஒருவன் சொல்கிறான், மற்றவர் கையைத் தளர்த்துகிறார். இவ்வளவு எளிதான காரியம் இது. தன் முன்னால் வாயைத் திறந்து நின்ற அத்தனை கன்னங்களும் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் செய்தது எது என்று யோசித்தபடி காளியப்பன் படுத்திருந்தார். ஊசி எடுக்கும் நேரம் வந்தது தெரியவில்லை.

வலி போய்விடவில்லை. எல்லோருக்கும் போகாது என்று மிஸ் யாப்பும் சொன்னார். ஆனால் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஊசி முடிந்த கையோடு பிசியோ அறைக்குப் போனால் கால் முன்பைவிடச் சற்று அதிகம் மடங்கியது. வாரங்கள் போயின. வீட்டில் துண்டைக் கடிப்பதை விட்டார். தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைக்க மனம் வரவில்லை.

மறுபடி பார்க்கும் நாளில் டாக்டர் காலை மடக்கச் சொல்லி, அளவுகோலை வைத்துப் பார்த்தார். "போலே," என்றார். போதும். இன்னும் மடங்க வேண்டும், பயிற்சியை விடக் கூடாது, ஆனால் மயக்கம் கொடுத்து மடக்கத் தேவையில்லை.

அன்று மாலையே ரூபேந்திரன் வந்துவிட்டார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொன்னனா இல்லியா? உங்க பக்திக்குக் கால் என்னா, மலையே மடங்கும்! உத்திரம் வருதுண்ணே. நின்னு குத்த முடியாட்டி நாற்காலி போட்டுத் தரோம். புதுசா நெறைய பேரு சேந்திருக்காங்க, ஞாயித்துக்கிழம கூட்டம். அந்த பீர் கதைய நீங்க ஒரு தரம் சொன்னாப் போதும், ஒரு பய தப்புப் பண்ண மாட்டான்."

அந்த நேரம் பார்த்துக் குணாளன் தேநீர் கொண்டுவந்தான். குவளையை ரூபேந்திரன் முன்னால் வைத்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகம் காளியப்பனுக்கு நன்றாகத் தெரியும். வேல் உள்ளே போகும்போது அவன் வைத்திருக்கும் முகம் அது.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். காளியப்பன் வாயைத் திறந்தார். ரூபேந்திரன் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்போம் ரூபேன்," என்றார்.

ரூபேந்திரன் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். குணாளன் குவளைகளை எடுத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினான். மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. காளியப்பன் போர்வையின் நுனியைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பயிற்சிக்குக் கைகொடுக்க யோகேஸ்வரி வந்து தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்தாள்.

"உன் வீட்டுக்காரு அன்னிக்கு பீரு குடிக்கல," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"தெரியும்ப்பா."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கேதான். வீட்டுக்குள்ள நொழைஞ்ச ஒடனே சொன்னாரு."

"அப்பறம் எதுக்குக் கோவிச்சுக்கிட்டு இங்க வந்த?"

"உங்களுக்குப் பயந்துகிட்டுச் செய்யாத தப்ப செஞ்சேன்னு சொன்னாரே, அதுக்குத்தான்." அவள் பாதத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். "வந்து பாத்தா நீங்க பெருமையா உக்காந்திருந்தீங்க. சொல்ல வாய் வரல."

"உங்கம்மாவுக்கு?"

யோகேஸ்வரி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. சந்திரமதி வெளியே வரவில்லை. அங்கேயே நிற்கிறாள் என்பது தெரிந்தது.

இந்த வீட்டில் அது தெரியாத ஆள் அவர் ஒருவர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மற்ற எல்லோரும் சேர்ந்து, இத்தனை வருடமும், அவரிடம் முகம் சுளிக்காமல் இருந்திருக்கிறார்கள்.

"தொங்காட்ட எடு," என்றார்.

"எங்கப்பா? பாதியிலயே இருக்கு."

"ரூபேன் வீட்டுக்கு."

"போன் பண்ணிச் சொல்லுங்களேன். அங்க படி இருக்கு."

"இல்ல."

அவள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. வாசலைத் தாண்டி, கார் நிற்குமிடத்தைத் தாண்டி, பக்கத்து வீட்டின் இரும்புக் கதவு வரைக்கும் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் வாயிலிருந்து சத்தம் வந்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திப் பார்த்தார்.

"ரூபேன்!"

ரூபேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் அவர் மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"அலமாக், நடந்தேவா வந்தீங்க? கூப்ட்டா நான் வர மாட்டனா? வலிக்கலியாண்ணே?"

"வலிக்குது," என்றார் காளியப்பன். "ரொம்ப வலிக்குது. ஒரு நாற்காலி போடு. உன் சம்சாரமும் இருக்கட்டும். குணாளனப் பத்தி ஒரு விசயம் சொல்லணும். ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாலயும் சொல்றதுதான். முதல்ல உங்கிட்ட."

ரூபேந்திரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாற்காலி எடுக்க உள்ளே போனார். காளியப்பன் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுவரைக்கும் சுட்டது. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.